இரண்டு பதினேழு

எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும், தெரிந்துவிடும். அந்த நாலு எட்டுதான் கோகிலவாணிக்கு வரவில்லை. பல் டாக்டர் ரெபேக்காவின் வரவேற்பறையில், உட்கார்ந்த ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிற பழைய சோபாவில், கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காட்டைப் பார்த்தும் பார்க்காமலும் உட்கார்ந்திருந்தாள். காடு அவளுடையதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுத்த காடு. கறுத்த மரங்கள், அவற்றுக்குப் பின்னால் இன்னும் கறுத்த மரங்கள், நடுவில் எங்கேயோ ஒரு சாம்பல் வெளிச்சம். ட்யூப்லைட் விழுந்து கண்ணாடியின் அடிப்பாகம் முழுக்க வெள்ளையாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்புக்குள்ளே இடது மூலையில் பென்சிலால் ஓர் எண் இருக்கும். அது பதினேழாக இருக்கக்கூடாது. கடவுளே, வேறு எதுவாக இருந்தாலும் சரி. நேற்று சாயங்காலம் போன் செய்த மனிதர் மிக மரியாதையாகத்தான் பேசினார். “அம்மிணி, தப்பா நெனச்சுக்கப்படாது. என்ற பேரு சென்னியப்பன். மில்லுல குவாலிட்டி பாத்துட்டிருந்து ரிட்டையர் ஆனவனுங்க. உங்க காட்டுப் படம் நம்மூட்டு ஹால்ல இருக்குதுங்க, பதினேழாம் நம்பரு. முந்தாநேத்து பல்லு வலின்னு டாக்டரம்மாகிட்டப் போயி உக்காந்திருந்தனுங்களா, அங்கயும் அதே படம். அதுலயும் பதினேழுங்க. எப்படீங்க அது?” எப்படீங்க அது. பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார வேண்டியதுதானே, மூலையில் கிடக்கிற நம்பரை எதற்குப் படிக்கிறான்? நூலில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று முப்பது வருஷம் தேடிய கண் சும்மா இருக்குமா? நாளைக்கு நம்ம படத்தையும் எடுத்துக்கிட்டு வர்றனுங்க, நீங்களும் வந்துட்டா ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்துரலாம் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தும் விட்டாள். எழுந்து போய்ப் பார்க்கத்தான் முடியவில்லை.

முப்பது பிரதி என்றால் முப்பதுதான். ஒன்று முதல் முப்பது வரை, ஒவ்வொன்றிலும் ஒரு எண், ஓவியரே தன் கையால் பென்சிலில் போட வேண்டும், வலப்பக்கம் கையெழுத்து. முப்பத்தொன்றாவது எடுத்து விற்றால் அது திருட்டு. கல்லூரியில் முதல் வருஷமே வாத்தியார் சொல்லிவிடுவார், அந்தத் தொழிலில் இருக்கும் ஒரே கற்பு அது என்று. அப்படியிருக்க ரெண்டு பதினேழு எப்படி வரும்? ஒன்று, அவள் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து, கூசாமல் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு விற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தன் கை என்ன எழுதுகிறது என்று தெரியாமல் எழுதியிருக்க வேண்டும். முதலாவது என்றால் ஊர் சிரிக்கும், சென்னையில் படம் விற்கிற காலரிக்காரர்கள் வாசற்படி ஏற்றமாட்டார்கள், அது போகட்டும், பட்டுத் தீர்த்துவிடலாம். இரண்டாவதைத்தான் தீர்க்க வழியில்லை. வரவேற்பு மேசையில் இருந்த பெண் தலையைத் தூக்கி, “மேடம், பேரு குடுத்துட்டீங்களா?” என்றாள். பல்லுக்காக வரவில்லை என்றாள் இவள். அந்தப் பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குள் போய்விட்டாள். உள்ளே எந்திரம் கிர்ர்ரென்று யாருடைய பல்லையோ குடைந்தது. இந்தப் படத்தை இங்கே கொண்டுவந்து மாட்டினார்களே, அதைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பயந்து நடுங்கிக்கொண்டு வருகிறவன் கண்ணெதிரே இவ்வளவு இருட்டா? ஒரு கிளிப் படம், ஒரு நீர்வீழ்ச்சி, ஏதாவது மாட்டியிருக்கலாம். ஆனால் எல்லாரும் இந்த இருட்டைத்தான் கேட்டார்கள். மனத்தின் அடியாழத்துக் காடு என்று ஒருவர் எழுதினார். பெண்ணின் துயரம் மரங்களாக நிற்கிறது என்று இன்னொருவர். படித்துவிட்டு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது, வெளியே சொல்ல முடியுமா? அந்தத் தகட்டைக் கீறும்போது அவளைப்போலச் சந்தோஷமான ஜீவன் கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. வயிற்றில் தாரணி ஐந்து மாசம். வால்பாறையில் சித்தப்பாவின் எஸ்டேட் குவார்ட்டர்ஸில், மழை பார்க்கிற ஜன்னலோரம், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்றைக் கடித்துக்கொண்டு வரைந்த காடு அது. மரத்துக்கு மரம் வெளிச்சம் வைத்துத்தான் வரைந்தாள். ஊருக்கு வந்து, வயிற்றுப்பிள்ளைக்காரி அமிலப் புகை பிடிக்கக்கூடாது என்று புருஷன் ஜெகதீசன் தானே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தகட்டைத் தொட்டியில் இறக்கினார். எத்தனை நிமிஷம் என்று எழுதிக் கையில் கொடுத்திருந்தாள். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுக்கிற மனிதர். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எங்க லைன்ல மட்டும் ஏன் கரண்ட் இல்லை என்று வழக்கு வைக்க, இவர் வாசலில் நின்று அவருக்கு மின்சாரத்தின் சரித்திரத்தையே சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், காடு கருகிப்போயிருந்தது. வெளிச்சம் வைத்த இடத்தையெல்லாம் அமிலம் தின்றுவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து இவள் திட்டக்கூட இல்லை. பரவால்லைங்க, நல்லாத்தான் இருக்குது என்றாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது.

பேர் வந்தபோது அவள் எங்கே இருந்தாள் என்பதுதான் கேள்வி. ஏழாம் மாசத்தில் கல்லூரி அச்சு எந்திரத்தில் முப்பது பிரதியும் எடுத்தாள், அது நன்றாக நினைவிருக்கிறது, சக்கரத்தைச் சுற்றினவன் பேர்கூட ஞாபகமிருக்கிறது. காகிதங்கள் காய்ந்து அலமாரிக்குள் இருந்தன. பிறகு தாரணி பிறந்தாள். பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. குழந்தை அழுவது அடுத்த தெருவில் யாரோ அழுவதுபோலக் கேட்டது. சோறு மண்ணாக இருந்தது. பால் கட்டி மார் வலித்தபோதும் அது வேறு யாருடைய மாரோ என்றிருந்தது. பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம் என்றார்கள், காத்துக் கருப்பு என்று மந்திரித்தார்கள், கடைசியில் ஜெகதீசன் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார், மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரை எல்லாவற்றையும் மெழுகிவிட்டது. அந்த மாசங்களிலிருந்து அவளிடம் மிச்சம் இருப்பவை துண்டு துண்டுகள். ஜன்னல் கம்பியில் ஓர் அணில். பென்சிலை வைத்துக்கொண்டு வலது மூலையில் பேர், பேர், பேர் என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளியது. அதன் பிறகு படுத்துக்கொண்டது. நம்பர் போட்டது நினைவில்லை. ஒரு வருஷம் கழித்துத் தெளிந்தபோது ஜெகதீசனைக் கேட்டாள். “எல்லாத்தையும் நீயேதான் முடிச்சே வாணி. அந்த நெலமையிலயும் உன்ற கை நிக்கல” என்றார். அந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அந்த இருட்டிலும் வேலையை முடித்திருக்கிறேன், அவ்வளவு மோசமாகப் போய்விடவில்லை என்று. ஆனால் அதே வார்த்தையைத் திருப்பிப் பார்த்தால்? நினைவே இல்லாமல் முப்பது நம்பர் எழுதின கை, நினைவே இல்லாமல் வேறு என்ன செய்திருக்கும்? இதோ வந்துவிட்டது. காலையிலிருந்து எதைச் சுற்றிச் சுற்றி வருகிறாளோ அதில் வந்து முட்டிக்கொண்டது. இன்னொரு துண்டு இருக்கிறது அவளிடம். வெள்ளைத் துண்டில் ரத்தம். தாரணியின் வீறல். நடுக்கூடத்தில் அவள் நிற்கிறாள், கை ரெண்டும் நனைந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. தொட்டில் கயிறு அவிழ்ந்து விழுந்துவிட்டது என்றார்கள். இடது புருவத்தின் மேல் மூன்று தையல். தொட்டில் கயிறு அப்படியெல்லாம் அவிழாது, அது கோகிலவாணியின் அப்பா வந்து போட்ட முடிச்சு. கயிறு அவிழவில்லை என்றால்? யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே. அதற்குப் பிறகு மாமியார் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு ஒரு கோயில்கூடப் போகவில்லை, வெளியே போனால் இடுப்பில் தூக்கிக்கொண்டே போவார். அவர் செத்துப்போய் மூணு வருஷம் ஆகிறது, அவரிடமும் கேட்கவில்லை. தங்கை பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது பந்தியில் நின்று பரிமாறினாள், ஆளாளுக்குக் குழந்தையை வாங்கிக் கொஞ்ச, இவள் சாம்பார் வாளியைக் கீழே வைக்கவே இல்லை. எந்த வீட்டுக் குழந்தையையும் தூக்கினதில்லை. அக்காளுக்குக் குழந்தைன்னாலே ஆகாது என்று தங்கை பேசியது காதில் விழுந்தது, விழட்டும். தாரணிக்கு இப்போது பதினைந்து முடியப் போகிறது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, அம்மா இந்தத் தழும்பு எனக்கு ஸ்டைலா இருக்குதில்ல என்கிறாள். ஆமா கண்ணு என்று சொல்லிவிட்டு இவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் பூப்போட்ட போர்வையில் சுற்றின பெரிய சட்டம், ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. சென்னியப்பன்தான், வேறு யார் பல் ஆஸ்பத்திரிக்குப் போர்வையோடு வருவார்கள்? “வந்துட்டீங்களா அம்மிணி, ரொம்ப நேரமாச்சுங்களா? பஸ்ஸுல இதைத் தூக்கிட்டு நிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சுங்க” என்றார். போர்வையைப் பிரிக்கும்போது தூங்குகிற பிள்ளையின் மேலிருந்து எடுப்பதுபோல மெதுவாக எடுத்தார். இந்த மனுஷன் கத்தியிருந்தால் தேவலை, ஏமாத்திட்டீங்களே என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசிவிடலாம். இவரோ படத்தைக் கொண்டுபோய்ச் சுவரிலிருந்த படத்துக்குக் கீழே, ஒரு நாற்காலியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். “பாருங்க. ஒண்ணு கூட, ஒண்ணு கொறவுன்னு இல்லீங்க. ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. எனக்கு என்னன்னா, அசல் எதுங்கறது தெரியோணும், அவ்வளவுதானுங்க. ஊட்டுக்காரி இருந்தப்ப வாங்கினது. இதைப் பாத்துட்டேதான் காப்பி குடிப்பா.” அப்புறம் என்ன, எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தாள். மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். குனிந்தாள். பதினேழு. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பதினேழு. முடிந்தது. தலைக்குள் ஏதோ மளமளவென்று சரிந்தது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். செய்திருக்கிறேன். நான்தான் செய்திருக்கிறேன். எதையோ செய்திருக்கிறேன் என்றால் எல்லாவற்றையும் செய்திருப்பேன். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். எதற்குப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்தாள். அந்த ஏழின் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தது. இரண்டு ஏழிலும். அவள் ஏழுக்குக் கோடு போடுவதில்லை. வாழ்நாளில் போட்டதில்லை. ஏழுக்கு வயிற்றில் கோடு போடுகிற ஆள் ஒருத்தரைத்தான் அவளுக்குத் தெரியும். இருபது வருஷமாக இந்த ஊரில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிற அட்டைகளில், ஒன்றையும் ஏழையும் யாரும் மாற்றிப் படித்துவிடக்கூடாது என்று, ஒவ்வொரு ஏழுக்கும் இடுப்பில் அரைஞாண் கட்டிவிட்டுப் போகிற மனுஷன்.

போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார், பின்னால் ஒரு நாய் தொண்டை கிழியக் குரைத்தது. “சொல்லு வாணி. இரு, இங்க ஒரு ஊட்ல நாயைக் கட்டாம வெச்சிருக்கறாங்க, மீட்டருகிட்டயே போக உடமாட்டீங்குது.” காட்டுப் படத்துக்கு நம்பர் போட்டது நீங்களா என்றாள். எடுத்த எடுப்பில் அதுதான் வந்தது. நாய் குரைத்தது. பதினைந்து வருஷம் ஒரு வீட்டில் இருந்தால் போனில் மூச்சு விடுவதுகூட என்ன மூச்சு என்று தெரிந்துவிடும். இது அகப்பட்டுக்கொண்ட மூச்சு. “நீ கையெழுத்தெல்லாம் போட்டுட்டுப் படுத்துட்டே. படத்தக் கேட்டு மெட்ராஸ்லயிருந்து போன் மேல போன். ஓவியர்தான் போடோணும்னு எனக்குத் தெரியும் வாணி. ஆனா நீ எந்திரிச்சு ஒரு வாய் சோறு திங்கறதே பெரிய பாடா இருந்துச்சு. நீயே முடிச்சேன்னு சொன்னா உனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்னுதான்...” பதினேழு ரெண்டு இருக்குதுங்க என்றாள். மறுபடி அந்த மூச்சு. இந்தமுறை நீளம். “இருக்கும்” என்றார். “கடைசியில ஒண்ணு கொறஞ்சுது. இருபத்தொம்பதோட நின்னுபோச்சு. நான் திரும்பப் பாக்கவே இல்ல. பாக்கற நெலமையில இல்ல.” ஏன் என்றாள். “அம்மா சந்தைக்குப் போயிருந்துச்சு. மத்தியானம். நான் லீவு போட்டுட்டு, புள்ளைய மடியில போட்டுக்கிட்டு நம்பர் போட்டுட்டிருந்தேன். ரெண்டு நாளாத் தூக்கமில்ல. பதினேழு போட்டது தெரியும். அப்படியே கண்ணு சொக்கீருச்சு. புள்ளை மடியிலயிருந்து நழுவி, மேசைக் காலுல... நீ பாத்ரூம்ல துணி அலசிட்டிருந்தே. சத்தம் கேட்டு ஓடி வந்து நின்னே. ஈரக் கையோட. உன்ற மூஞ்சியப் பாத்ததும் எனக்குச் சொல்ல வாய் வரல வாணி. அம்மா வந்து கேட்டப்ப தொட்டில் கயிறு அவுந்துருச்சுன்னுட்டேன். தையல் போட்டுக் கூட்டிட்டு வந்து, உக்காந்து மறுபடி எழுதினேன். எதுல உட்டேன்னு தெரியல. பதினேழுன்னே எழுதீட்டேன் போல.” நாய் ஓய்ந்திருந்தது. யாரோ ஒரு பெண் குரல், அட்டை இந்தாங்க என்றது. கோகிலவாணி சுவரில் சாய்ந்துகொண்டாள். “நான்தான்னு நெனச்சுட்டிருந்தனுங்க” என்றாள். “எதை?” என்றார் அவர். “தாரணிய. நான்தான் என்னமோ பண்ணீட்டேன்னு.” “வாணி” என்றார். “அய்யோ வாணி. எத்தனை நாளா?” சாயங்காலம் பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

கோபம் வர வேண்டும் என்று நின்று பார்த்தாள். வந்தது, வராமல் இல்லை, பதினைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன்மேல் வராமல் இருக்குமா? சாயங்காலம் இருக்கிறது அவருக்கு. அமிலத்தில் தகட்டை வைத்துவிட்டு வாசலில் நியாயம் பேசினவர்தானே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நம்பர் போடப் போனவர், ஒரு வேலையையும் ஒழுங்காகப் பார்த்துத் தொலைய மாட்டாரே என்று மனசுக்குள் ஒரு பாட்டுத் திட்டினாள். திட்டத் திட்டச் சிரிப்பாக வந்தது. அப்படியானால் மாமியார் கோயிலுக்குக்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போனது? மகனிடமும்தானே விடவில்லை? அதற்குப் பிறகு அத்தை ஒருநாளும் அவரை நம்பிப் பிள்ளையை விட்டுப் போனதில்லை, அது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை? கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. மகன் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். என்னை அல்ல அத்தை, உங்க பையனைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று நினைக்க, கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. நம்பர் போட்டது நானில்லை. அந்த இருட்டிலும் வேலையை முடித்தேன் என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டது பொய். போகட்டும், அந்தப் பெருமை யாருக்கு வேண்டும்? நான் படுத்துத்தான் கிடந்திருக்கிறேன். துணி அலசியிருக்கிறேன். என் பிள்ளை வீறிட்டதும் ஓடி வந்திருக்கிறேன். எனக்குக் கேட்டிருக்கிறது. எழுந்து ஓடியிருக்கிறேன். அந்த நாளில் அவள் செய்தது அவ்வளவுதான், அது போதும், அதற்கு மேல் ஒரு நல்ல செய்தி அவளுக்கு இந்த ஜன்மத்தில் வராது. நிம்மதியாக இருந்தது. அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள், சோபா பழையபடி உள்ளே இழுத்துக்கொண்டது. மேசைப் பெண் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, “ரொம்ப வலிக்குதுங்களா மேடம், உங்களை முன்னாடி அனுப்பட்டா?” என்றாள். வலியெல்லாம் இல்லைங்க என்று தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

சென்னியப்பன் தன் படத்தையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் இருந்தார். கேட்காமல் இருக்க அவர் படுகிற பாடு தெரிந்தது. அவளே சொன்னாள். முப்பதுக்கு மேலே போகலைங்க, எங்க வீட்டுக்காரர் நம்பர் போடறப்ப மாத்திப் போட்டுட்டாரு, ரெண்டுமே அசல்தான் என்றாள். “அதானே பாத்தேன்” என்றார் அவர். முப்பது வருஷ மில் அனுபவம் வீண்போகவில்லை என்கிற திருப்தி வீக்கத்தையும் மீறி முகத்தில் வந்தது. உடனே அடுத்த சந்தேகமும் வந்தது. “அப்ப என்ற படத்துல நம்பரை மாத்திப் போடோணுங்களா, அப்படியே உட்டறலாங்களா?” இவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்து ஓர் இளம்பெண் வந்தாள். ஒரு கையால் தாடையைப் பிடித்திருந்தாள், மறு கையில் ஆறேழு மாசக் குழந்தை. மேசைப் பெண், வந்துட்டீங்களா, உங்களைத்தான் கூப்பிட்டுட்டிருக்கறாங்க, உள்ள போங்க என்றாள். இளம்பெண் சுற்றிலும் பார்த்தாள். சென்னியப்பன் மடியில் போர்வை, காலடியில் பாதி மூடின சட்டம். “அக்கா, கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா? ஊசி போட்டுட்டு வந்தர்றேன். அழமாட்டான்” என்று, பதிலுக்குக்கூட நிற்காமல் நீட்டினாள். கோகிலவாணியின் கை எழுந்தது. அவள் எழச் சொல்லவில்லை, தானாக எழுந்தது. அக்குளுக்குள் கையைக் கொடுத்து வாங்கினாள். எதிர்பார்த்ததைவிடக் கனம். பவுடர் வாசனையும் புளித்த பால் வாசனையும். பையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான், அழலாமா வேண்டாமா என்று யோசித்தான், பிறகு அவள் மூக்குக்கண்ணாடியை எட்டிப் பிடித்து இழுத்தான். அவள் இழுக்க விட்டாள். ஒரு கையை அவன் முதுகிலும் ஒரு கையைப் பின்பக்கத்திலும் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “நம்பரு விஷயங்க” என்று சென்னியப்பன் மெல்ல ஆரம்பித்தார், பென்சில்கூடக் கொண்டுவந்திருந்தார், பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“கொஞ்ச நேரம் இருங்க. கையில குழந்தை இருக்குது” என்றாள் கோகிலவாணி.